மாதிரிப் பிரதியும் பத்து முள்ளங்கி விதைகளும்
வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

மூன்று மாதங்களாக நம் தோட்ட இதழின் சில பிரதிகளைப் புதியவர்களுக்கு இலவசமாகத் தந்து வருகிறோம். அதைப் பற்றி வந்த கடிதங்களில் சில இங்கே.

பல ஆண்டுகளாகத் தவறாமல் சந்தா கட்டுகிறேன். காசு கொடுக்கும் எங்களை விட்டுவிட்டு, மண்ணில் கை வைத்தே பார்க்காத யாருக்கோ சும்மா கொடுப்பது எந்த வகையில் நியாயம்?

உங்கள் கடிதத்தில் இருந்த வருத்தம் என்னை இரண்டு நாள் தொந்தரவு செய்தது. பழைய கோப்பை எடுத்து உங்கள் முதல் கடிதத்தைத் தேடினேன். நீலமையில் எழுதிய ஒற்றைத் தாள். தக்காளியில் பூ பூவாக வந்து எல்லாம் உதிர்ந்துவிடுகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, நிழல்வலை கட்டிப் பாருங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன். அந்தக் கடிதத்தின் முதல் வரி உங்களுக்கு நினைவிருக்கிறதா? “பக்கத்து வீட்டு அக்கா படித்துவிட்டுக் கொடுத்த இதழைப் பார்த்து எழுதுகிறேன்.”

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நல்ல யோசனையை நீங்களே எனக்குத் தந்துவிட்டீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். அடுத்த மாதம் முதல் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள் வரும். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று, யாரிடம் சேர வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அவருக்கு. முதல் தொட்டி வாங்கி வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவரை எங்களைவிட நீங்கள்தான் முதலில் பார்க்கிறீர்கள்.

நண்பர்கள் சேர்ந்து தோட்டக்கலைக்கென்று சிறிய காலாண்டிதழ் தொடங்கியிருக்கிறோம். எத்தனை பிரதிகளை இலவசமாகத் தரலாம்? எங்கே தரலாம்?

பிரதி யார் கைக்குப் போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எண்ணிக்கை அதிலிருந்து தானாக வரும்.

தொடக்கத்தில் நாங்கள் ஒரு பெரிய கண்காட்சியின் வாசலில் நின்று, வருவோர் போவோர் எல்லாருக்கும் இதழை நீட்டினோம். யாரும் மறுக்கவில்லை. மதியத்திற்குள் கட்டுகள் காலியாகிவிட்டன. மகிழ்ச்சியோடு உள்ளே போய்ப் பார்த்தேன். வெயிலுக்குத் தலையில் பிடித்திருந்தார்கள், நாற்காலியைத் துடைத்தார்கள், தரையில் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாத அட்டையில் ஒரு செம்பருத்தி. அதன் இதழ்களின் மேல் செருப்புத் தடம். குனிந்து குனிந்து நாற்பது பிரதிகளையாவது பொறுக்கியிருப்பேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் பலருக்கு அன்றைக்குச் செடியைப் பற்றிய கேள்வியே இல்லை. கேள்வி இல்லாதவரிடம் பதிலைத் திணித்தது என் பிழை.

அடுத்த முறை ஒரு நர்சரிக்காரரிடம் வெறும் முப்பது பிரதிகளைக் கொடுத்தேன். கல்லா மேசையில் அடுக்கி வைக்காதீர்கள், செடி வாங்குகிறவரின் பையில் செடியோடு சேர்த்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஓரமாக நின்று பார்த்தேன். மொட்டு விட்ட ரோஜாச் செடி ஒன்றை ஒரு பெண் வாங்கினார். “எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?” என்றார். நர்சரிக்காரர் இதழைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். நாள் கணக்கு வேண்டாம், விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டாவிட்டால் ஊற்றுங்கள். வாங்கிய அன்றே தொட்டி மாற்றாதீர்கள், ஒரு வாரம் புது இடத்து வெயிலுக்குப் பழகட்டும் என்று அதில் போட்டிருந்தோம். அவர் அங்கேயே தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு இதழைப் பைக்குள் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். அந்த முப்பதில் இருந்து வந்த சந்தா, கண்காட்சிக் கட்டுகள் எல்லாம் சேர்ந்து தந்ததைவிட அதிகம்.

பெரியவர்களும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜே. ஐ. ரொடேல் 1942இல் இயற்கை வேளாண்மைக்கும் தோட்டத்துக்குமாக ஓர் இதழ் தொடங்கினார். விவசாயிகளுக்கு மாதிரிப் பிரதிகளை அனுப்பிப் பார்த்தார். சந்தா கட்ட முன்வந்தவர்கள் மிகச் சிலர். பிறகு வீட்டுத் தோட்டக்காரர்கள் பக்கம் திரும்பினார். பெயரிலிருந்தே ‘வேளாண்மை’யை எடுத்துவிட்டு ‘ஆர்கானிக் கார்டனிங்’ ஆக்கினார். அதன் பிறகுதான் இதழ் வேர் பிடித்தது.

ஆகவே விதை விற்பவர், நர்சரி, மண்கலவையும் தொட்டியும் விற்கும் கடை, பள்ளித் தோட்டம், நூலகம் என்று ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். இடத்துக்கு முப்பது போதும்.

விற்காமல் திரும்பி வந்த பழைய பிரதிகளையே இலவசமாகத் தந்தால் அச்சுச் செலவு மிச்சமாகுமே?

மிச்சமாகும். ஆனால் எந்த மாதத்து இதழ் என்று பாருங்கள். விதைப்பு முடிந்து காய் பறிக்கும் நேரத்தில் ஒருவர் கையில் ‘நாற்று விடுவது எப்படி’ என்ற இதழ் கிடைத்தால், நாம் பிந்தி வந்த விருந்தாளி. நல்ல வேளையாகத் தோட்டத்தில் பருவம் திரும்ப வரும். போன ஆண்டின் விதைப்பு இதழை இந்த ஆண்டு விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு கொடுங்கள், அது புது இதழ்தான். நான் திரும்பி வரும் பிரதிகளை மாதவாரியாகப் பெட்டியில் போட்டு, மேலே பருவத்தை எழுதி வைத்துவிடுகிறேன். சந்தா அறிவிப்பில் பழைய கட்டணம் இருந்தால் அதன் மேல் புதியதை ஒட்ட மறக்காதீர்கள்.

இலவசப் பிரதியோடு விதைப் பொட்டலம் தருகிறீர்கள். அதென்ன முள்ளங்கி மட்டும்? அரிய பூ விதையாகத் தந்தால் இன்னும் கவர்ச்சியாக இருக்காதா?

முள்ளங்கியைத் தேர்ந்தெடுக்க நாங்கள் நிறைய யோசித்தோம். ஈரமும் இதமான வெப்பமும் இருந்தால் மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். சிறிய வகைகள் 25 முதல் 30 நாளில் பிடுங்கத் தயாராகிவிடும். நம்முடையது மாத இதழ். இதழ் கையில் கிடைத்த அன்று விதையை ஊன்றியவர், அடுத்த இதழ் வரும் நேரத்தில் கிழங்கைக் கையில் வைத்திருப்பார். முதல் முறை விதைக்கிறவருக்கு மிளகாயைக் கொடுத்தால் முளைக்கவே இரண்டு வாரம் ஆகலாம்; விதை கெட்டுவிட்டது என்று பத்தாம் நாளே தொட்டியைக் கிளறிவிடுவார்.

எந்தச் செடி மனிதரைக் கவர்கிறது என்பது பற்றி ஒன்று. இங்கிலாந்துத் தாவரவியலாளர் வில்லியம் கர்டிஸ், லண்டனைச் சுற்றித் தானாக வளரும் செடிகளைப் பற்றிப் பெரிய நூல்வரிசை வெளியிட்டு நட்டப்பட்டார். 1787இல், மக்கள் தங்கள் தோட்டங்களில் வைக்கும் பூச்செடிகளுக்கென்று கையால் வண்ணம் தீட்டிய படங்களோடு ஓர் இதழைத் தொடங்கினார். அது இன்றும் வருகிறது. தன் தோட்டத்துச் செடி அச்சில் இருப்பதைப் பார்க்கும்போது மனிதருக்கு வரும் ஆர்வமே தனி.

இதழோடு விதை வைத்துத் தருபவர்கள் கவனிக்க: பொட்டலம் கட்டிய தேதியை மேலே எழுதுங்கள். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி கூடினாலும் அப்படியே. பிளாஸ்டிக் உறை போட்ட கட்டை வெயிலில் வைத்துவிட்டால் விதையும் போயிற்று, நம் பெயரும் போயிற்று. வெளிநாட்டு முகவரிகளுக்கு விதை வைக்காதீர்கள். பல நாடுகள் தாவர நலச் சான்றிதழ் இல்லாத விதையை உள்ளே விடுவதில்லை.

இணையத்தில் இலவசமாகப் போட்டால் போதாதா?

போடுகிறோம். ஆனால் ஈரக் கையோடு புரட்ட ஒரு காகித இதழ் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நர்சரியில் செடி வாங்கியபோது உங்கள் இதழ் கிடைத்தது. அதிலிருந்த பத்து விதைகளையும் ஒரே சிறிய தொட்டியில் போட்டேன். நான்காம் நாளே எல்லாம் முளைத்தன. ஒரு மாதம் ஆகிறது. இலை மட்டும் கொழிக்கிறது, கிழங்கைக் காணோம். எனக்குக் கை ராசி இல்லையா?

இந்தக் கடிதத்தை அலுவலகத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். பத்தும் முளைத்திருக்கின்றன, உங்கள் கைக்கு ஒரு குறையும் இல்லை. நெருக்கம்தான் காரணம், வேர் பருக்க இடம் வேண்டும், செடிக்குச் செடி ஐந்து சென்டிமீட்டராவது விட வேண்டும். அந்தப் பக்கத்தில் நாங்கள் இடைவெளியை மிகச் சிறிய எழுத்தில் போட்டிருந்தோம், அதற்கு மன்னியுங்கள். இந்த இதழிலிருந்து பொட்டலத்தின் மேலேயே பெரிதாக அச்சிடுகிறோம். நீங்கள் தொழுவுரத்தை நிறையக் கலந்திருந்தாலும், வெயில் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தாலும் இப்படி இலையாகவே போகும்.

இந்தச் செடிகளை இனி விலக்கி நட்டுப் பயனில்லை. பிடுங்கி எருக்குழியில் போட்டுவிடுங்கள். 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள அகலத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பொட்டலத்தை உங்கள் முகவரிக்கு இன்று காலை அனுப்பியிருக்கிறேன். ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், ஒவ்வொன்றாக ஊன்றுங்கள். முளைத்ததும் எழுதுங்கள்.