விமானப்படை விமானியின் சட்டையில் இருக்கும் வண்ணப் பட்டைகள் எல்லாமே வீரப் பதக்கங்களா?

இல்லை. ஒவ்வொரு பட்டையும் ஒரு பதக்கத்தின் நாடா, அவ்வளவுதான். முழுப் பதக்கம் அணிவகுப்பு மாதிரி விசேஷ நாட்களில்தான் வெளியே வரும். இந்திய விமானப்படையில் பல பதக்கங்கள் பணிக்காகவே கிடைப்பவை: 9, 20, 30 ஆண்டு சேவைக்கு ஒவ்வொன்று, 1997 சுதந்திரப் பொன்விழாவின்போது பணியில் இருந்தவர்களுக்கு ஒன்று, அப்புறம் உறைபனி சூழ்ந்த சியாச்சின் பனிமலைப் பணிக்கு ஒன்று. பள்ளியில் முழு வருகைக்குத் தரும் பரிசு மாதிரி (சியாச்சினுக்கு இந்த ஒப்பீடு அநியாயம்தான்!). வீர் சக்ரா வேறு ரகம், எதிரியின் முன்னே காட்டிய துணிச்சலுக்கு மட்டும்.

பட்டை அதிகம் என்றால் வீரமும் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள்: போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ராவை விமானப்படையில் பெற்ற ஒரே ஆள் நிர்மல்ஜித் சிங் செகோன், 1971-ல் ஸ்ரீநகர் வான்சண்டையில் உயிர்விட்டபோது அவர் பணியில் சேர்ந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை.