ஆண்டு விழா மேடையும் யூடியூபும்

வணக்கம் சார்,

எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். ஒரு மாணவன் அதை யூடியூபில் ஏற்ற, காப்புரிமை அறிவிப்பு வந்துவிட்டது. "மிஸ், நாங்க ஆடினதே தப்பா?" என்கிறார்கள். பிராஜெக்டுக்கு கூகுளில் படம் எடுப்பதையும் திருட்டு என்று சொல்லிவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆசிரியை)

அன்புள்ள டீச்சர்,

ஆடியது தப்பே இல்லை. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலேயே அதற்கு இடம் இருக்கிறது. பள்ளி நிகழ்ச்சியில் பாட்டைப் போட்டு ஆடலாம். பார்ப்பவர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். யூடியூபில் ஏற்றியதும் ஊரே பார்வையாளர் ஆகிவிட்டது. இது எட்டாம் வகுப்புக்கு நன்றாகவே புரியும்.

அந்தப் பையனைத் திட்டிவிடாதீர்கள். வந்தது பெரும்பாலும் இயந்திரமே பாட்டைக் கண்டுபிடித்து அனுப்பிய உரிமைகோரலாக இருக்கும். விளம்பரக் காசு பாட்டின் உரிமையாளருக்குப் போகும், இல்லையென்றால் வீடியோ முடங்கும். 'ஸ்ட்ரைக்', அதாவது உரிமையாளரின் புகாரின் பேரில் யூடியூப் தரும் எச்சரிக்கை, வேறு: 90 நாளுக்குள் மூன்று வாங்கினால் சேனலே போய்விடும். எது வந்திருக்கிறது என்று அவனோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

'திருட்டு' என்ற சொல்லை மட்டும் வகுப்பில் எடுக்க வேண்டாம். பாடத்துக்காக ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பதை அதே 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மேல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், பாடத்துக்கான நகல் செல்லும் என்று 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படியிருக்க, பிராஜெக்ட் நோட்டில் ஒட்டிய யானைப் படத்துக்கு என்ன வந்தது?

அதே யானையை இன்ஸ்டாகிராமில் போட்டால் கதை வேறு. "30 செகண்டுக்குள் இருந்தால் ஓகே", "கர்ட்டஸி போட்டால் போதும்" என்பதெல்லாம் யாரோ கிளப்பிவிட்டவை. பெயர் போடுவது மரியாதை. அது அனுமதி ஆகாது. 'நன்றி: கூகுள்' என்பது மரியாதைகூட இல்லை. பிள்ளைகள் வீடியோக்களில் கேட்கிற 'ஃபேர் யூஸ்' (அனுமதி கேட்காமலே நியாயமாகப் பயன்படுத்துவது) அமெரிக்கச் சட்டத்தின் சொல். நம் சட்டத்தில் இருப்பது 'ஃபேர் டீலிங்': சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு.

இதையெல்லாம் சொல்வதற்கு முன் ஆளுக்கு ஒரு படம் வரையச் சொல்லுங்கள். வரைந்த கணமே உரிமை அந்தப் பிள்ளைக்கு. பதிவு செய்யவும் தேவையில்லை. அப்புறம் ஒருவர் படத்தில் இன்னொருவர் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வகுப்பு கொந்தளிக்கும். என் சிறுகதை ஒன்று பெயர் நீக்கப்பட்டு எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கே வந்தது. "நீயும் இப்படி எழுதக் கூடாதா?" என்று சித்தி கேட்டார். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

அடுத்த ஆண்டு விழாவை யூடியூபில் போட ஆசை என்றால் பாரதி இருக்கிறார். 1949-இல் அவர் படைப்புகளின் உரிமை அரசிடம் வந்து, பிறகு எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் சினிமாவில் வந்த பாரதி பாட்டின் ஒலிப்பதிவுக்கும் மெட்டுக்கும் தனி உரிமை இருக்கும். மெட்டைப் பிள்ளைகளே போடட்டும். உங்கள் பள்ளியில் ஆர்மோனியம் இருக்கிறதா?