"நாலு வேலைல ஒண்ணு விவசாயத்தால": கவுன்ட்டி நோட்டீஸ்ல வர்ற நம்பரை எப்படி படிக்கறது?

கேள்வி: அமெரிக்காவுல ஒரு கிராமப்புற கவுன்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கேன், வீட்ல இருந்தே ஐடி வேலை. சுத்தி மக்காச்சோளமும் பால் பண்ணையும்தான். ஊரை ஒட்டி இருக்கற 200 ஏக்கர் விளைநிலத்தை வீட்டு மனையா மாத்தறது பத்தி கவுன்ட்டி போர்டு அடுத்த மாசம் கருத்துக் கேட்புக் கூட்டம் வெச்சிருக்கு. விவசாயிங்க தரப்பு நோட்டீஸ்ல "நம்ம கவுன்ட்டில நாலு வேலைல ஒண்ணு விவசாயத்தால"னு போட்டிருக்காங்க. மனை போடற கம்பெனி ஆளோ "கவுன்ட்டி ஜிடிபில விவசாயம் வெறும் 6 சதவீதம்தான்"ங்கறாரு. எது உண்மை? ஆளுக்கு 3 நிமிஷம் பேச விடுவாங்க, நான் என்ன கேக்கலாம்?

பதில்: ரெண்டுமே உண்மையா இருக்கலாம், ஏன்னா ரெண்டு பேரும் அளந்தது வேற வேற விஷயத்தை. உங்க கவுன்ட்டினு இல்ல, நாடு முழுக்க எடுத்தாலும் இதே கூத்துதான். யுஎஸ்டிஏ, அதாவது அமெரிக்க விவசாயத் துறையோட பொருளாதார ஆய்வுப் பிரிவு கணக்குல 2022ல விவசாயம், உணவு, அதைச் சார்ந்த தொழில் எல்லாத்தையும் சேத்தா அமெரிக்க ஜிடிபில 5.5 சதவீதம் மாதிரி வருது, ஆனா பண்ணைக்குள்ள நடக்கறதை மட்டும் எடுத்தா 1 சதவீதத்தைக்கூட தொடல. வேலைக் கணக்கும் அப்படித்தான், மொத்த வேலைல 10 சதவீதத்துக்கு மேலன்னு சொல்வாங்க, உள்ள போய்ப் பாத்தா நேரடி பண்ணை வேலை 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, மீதில பெரும்பங்கு ரெஸ்டாரன்ட்லயும் பார்லயும் வேலை பாக்கறவங்க. அவங்க பரிமாறறது விவசாயப் பொருள்தான், அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா உங்க கவுன்ட்டில நாளைக்கு ஒரு கதிர்கூட விளையலன்னாலும் அங்க இருக்கற பர்கர் கடை மூடப் போறதில்ல, மாவும் கறியும் வெளில இருந்து வந்துட்டுதான் இருக்கும்.

அதனால நோட்டீஸ்காரங்ககிட்ட முதல்ல கேக்க வேண்டியது, எல்லைக் கோட்டை எங்க போட்டீங்கன்னுதான். வயலோட நிறுத்தினீங்களா, பால் பதப்படுத்தற ஆலையையும் சேத்தீங்களா, மளிகைக் கடையையும் ரெஸ்டாரன்ட்டையும் சேத்துட்டீங்களா? ஆலையைச் சேக்கறது நியாயம், அது அங்க இருக்கறதே பக்கத்துல பால் கிடைக்குதுன்னுதான். ரெஸ்டாரன்ட்டைச் சேத்திருந்தா அந்த "நாலுல ஒண்ணு" எனக்கு ஒத்து வராது.

அடுத்தது விற்பனைக்கும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், நிறைய பேர் தடுக்கி விழறது இங்கதான், அதனால கொஞ்சம் நிதானமா பாப்போம். ஒரு பால் பண்ணையைக் கற்பனை பண்ணிக்கங்க (நம்பர் எல்லாம் உதாரணத்துக்குத்தான்). வருஷத்துக்கு 10 லட்சம் டாலருக்கு பால் விக்குது. தீவனச் செலவு 4.5 லட்சம், அதுல 2 லட்சம் பக்கத்து வயல்காரர்கிட்ட வாங்கற மக்காச்சோளத்துக்கு, மீதி 2.5 லட்சம் வேற ஸ்டேட்ல இருந்து வர்ற சோயாப் புண்ணாக்குக்கும் தாது உப்புக்கும். டீசல், கரண்ட், மாட்டு மருந்து, ரிப்பேர், இன்ஷூரன்ஸ், பால் லாரி வாடகை எல்லாம் சேத்து 2 லட்சம். ஆளுங்க சம்பளம் 1.5 லட்சம். வட்டியும் தேய்மானமும் 1.2 லட்சம். கடைசில முதலாளி கைல நிக்கறது 80 ஆயிரம். இதுல பண்ணை உண்டாக்கின மதிப்புன்னா 10 லட்சத்துல இருந்து வெளில வாங்கின 6.5 லட்சத்தைக் கழிச்சு வர்ற 3.5 லட்சம்தான். ஜிடிபில போறது இதுதான். நோட்டீஸ்ல போறது பெரும்பாலும் 10 லட்சம்.

இன்னொண்ணும் இருக்கு. அந்த 2 லட்சம் டாலர் மக்காச்சோளம் பக்கத்து வயல்காரர் கணக்குல விற்பனையா ஒரு தடவை வந்துடுச்சு, பாலோட விலைக்குள்ள ரெண்டாவது தடவை வருது. ரெண்டு பேரோட விற்பனையையும் கூட்டினா 12 லட்சம். வயல்காரர் விதைக்கும் உரத்துக்கும் வெளில 1 லட்சம் குடுத்திருப்பார்னு வெச்சா, ரெண்டு பேரும் சேந்து உண்டாக்கின மதிப்பு 4.5 லட்சம். 12 எங்க, 4.5 எங்க! யாரும் பொய் சொல்லாமயே நம்பர் ரெண்டரை மடங்குக்கு மேல பெருத்துப் போச்சு, பால் பண்ணை ஜாஸ்தி இருக்கற கவுன்ட்டில இது இன்னும் மோசமா இருக்கும்.

2022 விவசாய சென்சஸ்லயும் இதைப் பாக்கலாம். நாடு முழுக்க பண்ணைகள் வித்தது 543 பில்லியன் டாலர், உற்பத்திச் செலவு மட்டும் 424 பில்லியன், அரசு உதவி, மத்த வரவு எல்லாம் சேத்த பிறகு நின்ன நிகர ரொக்க வருமானம் 152 பில்லியன். அந்த வருஷம் விலை நல்லா இருந்தும் 43 சதவீதப் பண்ணைதான் பிளஸ்ல இருந்துச்சு. கலிபோர்னியால கவுன்ட்டி விவசாய கமிஷனருங்க வருஷா வருஷம் பயிர் அறிக்கை போடுவாங்க, அதுலயே இது செலவைக் கழிக்காத மொத்த மதிப்பு, விவசாயியோட லாபம் இல்லன்னு ஒரு வரி எழுதி வெச்சிருப்பாங்க, அந்த வரியை நோட்டீஸ் அடிக்கறவங்க மட்டும் படிக்கறதே இல்ல.

இப்ப மல்டிப்ளையருக்கு வருவோம், அதாவது பண்ணைல வர்ற 1 டாலர் ஊருக்குள்ள சுத்திச் சுத்தி மொத்தம் எத்தனை டாலரா ஆகுதுங்கற பெருக்கல் எண். பண்ணையோட விற்பனை நேரடிக் கணக்கு. பண்ணை குடுக்கற காசுல மெக்கானிக், வெட்டினரி டாக்டர், லாரிக்காரர் பிழைக்கறாங்க, இது மறைமுகம். இவங்க எல்லாரும் சம்பளத்தை எடுத்துட்டுப் போய் மளிகை, முடிவெட்டு, வீட்டு வாடகைன்னு செலவு பண்றாங்க, இது தூண்டப்பட்ட கணக்கு. அங்க இதைப் போட இம்ப்ளான்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, மத்திய அரசோட பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறை குடுக்கற ரிம்ஸ் 2ன்னு ஒரு மல்டிப்ளையர் பட்டியலும் இருக்கு, கவுன்ட்டி ரிப்போர்ட்ல முக்காவாசி இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் பயன்படுத்தியிருப்பாங்க. கருவில கோளாறு இல்ல, உள்ள என்ன போடறாங்கங்கறதுதான் விஷயம். அந்த 12 லட்சத்தை அப்படியே உள்ள தள்ளினா, மக்காச்சோளம் மறைமுகக் கணக்குல மறுபடியும் வந்து நிக்கும். ஒழுங்கா பண்றவங்க அந்த ரெட்டைக் கணக்கைக் கழிச்சுட்டுதான் ஓட்டுவாங்க, கழிச்சீங்களான்னு கேட்டா தெரிஞ்சவங்க உடனே பதில் சொல்லிடுவாங்க.

காசு எங்க ஒழுகிப் போகுதுங்கறது அதைவிட முக்கியம். விவசாயி 3 லட்சம் டாலருக்கு டிராக்டர் வாங்கினா கவுன்ட்டில தங்கறது டீலரோட மார்ஜின்தான், மீதி டிராக்டர் செஞ்ச ஊருக்குப் போயிடும். டீசலும் அப்படியே, உரமும் அப்படியே. கவுன்ட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் காசு எல்லை தாண்டும், அதனால ஒரு சின்ன கவுன்ட்டிக்கு 2க்கு மேல மல்டிப்ளையர் போட்டிருந்தா நான் முதல்ல சந்தேகப்பட்டுட்டுதான் படிக்க ஆரம்பிப்பேன். நில வாடகையும் இருக்கு. 2014ல யுஎஸ்டிஏ எடுத்த சர்வேல, அலாஸ்கா, ஹவாய் நீங்கலா விவசாய நிலத்துல 39 சதவீதம் குத்தகை நிலம், அந்தக் குத்தகை நிலத்துல 80 சதவீதம் சொந்தமா விவசாயம் பண்ணாதவங்க பேர்ல இருந்துச்சு. அவங்க அதே ஊர்ல இருந்தா வாடகைக் காசு அங்கயே சுத்தும், வேற ஸ்டேட்ல இருக்கற பேரப்பிள்ளைங்கன்னா அறுவடை முடிஞ்ச கையோட காசும் கிளம்பிடும்.

யார் விவசாயம் பண்றாங்கங்கறதும் இதுல சேத்திதான். 1940கள்ல வால்டர் கோல்ட்ஷ்மிட்ங்கற மானிடவியலாளர் கலிபோர்னியால ஆர்வின், டினூபான்னு ரெண்டு ஊரை ஒப்பிட்டாரு, விளைச்சலோட மதிப்பு ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா ஆர்வின்ல பெரிய பண்ணைங்க, டினூபால சின்ன சின்ன குடும்பப் பண்ணைங்க. கடை, தொழில்னு எண்ணிப் பாத்தா டினூபால 62, ஆர்வின்ல 35. டினூபா பழைய ஊர், அதனாலதான் கடை ஜாஸ்தின்னு எதிர்த்தவங்களும் உண்டு, அதுல கொஞ்சம் நியாயமும் இருக்கு. ஆனாலும் ஒரே அளவு விளைச்சல் ரெண்டு ஊருக்கு ஒரே அளவு நன்மை செய்யணும்னு கட்டாயம் இல்லங்கறது அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.

சரி, மனை கம்பெனிக்காரரோட 6 சதவீதத்துக்கு வருவோம், அதுலயும் ஓட்டை இருக்கு. கவுன்ட்டி ஜிடிபில விவசாயம்ங்கற வரிசைல பால் ஆலை வராது, அது உற்பத்தித் தொழில்ல போயிடும், தானியம் வாங்கி விக்கறவர் மொத்த வியாபாரத்துல போயிடுவார், பால் லாரி போக்குவரத்துல போயிடும். அப்புறம் எந்த வருஷத்துக் கணக்குன்னு கேளுங்க. பால் விலை விழுந்த வருஷம் 3 சதவீதம், ஏறின வருஷம் 9 சதவீதம்னு ஆடற விஷயம் இது, ஒரே ஒரு வருஷத்தைக் காட்டினா தனக்குச் சாதகமானதைப் பொறுக்கி எடுத்திருக்கார்னே வெச்சுக்கங்க, குறைஞ்சது 5 வருஷ சராசரி வேணும். அவர் வேலைக் கணக்கையும் எடுத்துட்டு வந்தா, அது வேலையில்லா காப்பீட்டுப் பதிவுல இருந்து எடுத்ததான்னு பாருங்க. அந்தப் பதிவுல சொந்தப் பண்ணை நடத்தறவங்க கிடையாது, அந்தக் காப்பீடு மத்திய விதிப்படி பண்ணைக்குக் கட்டாயமாகணும்னா ஒரு காலாண்டுல 20,000 டாலர் சம்பளம் குடுத்திருக்கணும் இல்ல 20 வாரம் 10 பேர் வேலை பாத்திருக்கணும், அதனால நிறைய ஸ்டேட்ல சின்ன பண்ணை ஆளுங்க கணக்குலயே வரமாட்டாங்க.

நீங்களே ஒரு எட்டு பாத்துடணும்னா, யுஎஸ்டிஏ புள்ளியியல் பிரிவு ஒவ்வொரு சென்சஸ் முடிஞ்சதும் ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ரெண்டு பக்க புரொஃபைல் போடும், இலவசம், கடைசியா வந்தது 2022க்கானது. விற்பனை, செலவு, நிகர வருமானம், பயிர், கால்நடைப் பங்கு எல்லாம் அதுல இருக்கு. சில கட்டத்துல நம்பருக்குப் பதிலா அடைப்புக்குறிக்குள்ள "டி"ன்னு ஒரு எழுத்து மட்டும் இருக்கும், காலியா விட்டுட்டாங்கன்னு நினைக்காதீங்க, அந்தப் பொருளை ஒண்ணு ரெண்டு பண்ணைங்கதான் விக்குதுங்க, நம்பர் போட்டா யாரோட வருமானம்னு தெரிஞ்சுடும்னு மறைச்சிருக்காங்க. சின்ன கவுன்ட்டில பெரிய பால் பண்ணை ஒண்ணே ஒண்ணு இருந்தா முக்கியமான நம்பரே இப்படிப் போயிடும். பண்ணை எண்ணிக்கையைப் பாத்தும் மயங்கிடாதீங்க, வருஷத்துக்கு 1,000 டாலருக்கு விக்க வாய்ப்பு இருந்தாலே அது பண்ணைதான் அவங்க கணக்குல. நாடு முழுக்க இருக்கற சுமார் 19 லட்சம் பண்ணைல 10 லட்சம் டாலருக்கு மேல விக்கறது 6 சதவீதம்தான், ஆனா மொத்த விற்பனைல 78 சதவீதம் அதுங்களோடது.

இவ்வளவும் தெரிஞ்சுக்கறது நல்லதுதான், ஆனா போர்டு முன்னாடி நிக்கப்போறது மொத்த கவுன்ட்டி விவசாயம் இல்லையே, 200 ஏக்கர்தானே! "நாலுல ஒண்ணு"ங்கற கணக்கு இருக்கறதை எல்லாம் சேத்து அளந்தது, இந்த 200 ஏக்கர் போனா என்ன குறையும்ங்கறது முழுக்க வேற கணக்கு. அதுக்கு அந்த நிலத்துல என்ன விளையுது, எங்க விக்குதுன்னு பாக்கணும். கவுன்ட்டி மொத்த விற்பனையை மொத்த ஏக்கரால வகுத்து சராசரி போட்டா ஏமாந்துடுவீங்க, ஏன்னா அதுக்குள்ள பால் பணம் கலந்திருக்கும், வெறும் மக்காச்சோள வயல் ஒரு ஏக்கருக்கு அவ்வளவு தராது. எதிர்ப்பக்கமும் ஒண்ணு சொல்லணும், ஒரு 200 ஏக்கரால ஒண்ணும் ஆகாது, ஆனா அப்படியே நாலஞ்சு தடவை போச்சுன்னா தானியம் வாங்கறவர், டிராக்டர் டீலர், பெரிய மாட்டுக்கு வைத்தியம் பாக்கற டாக்டர்னு ஒவ்வொருத்தரா கடையைக் கட்டிட்டுப் போயிடுவாங்க, மிச்சம் இருக்கற விவசாயிக்கு அப்ப எல்லாத்துக்கும் 50 மைல் ஓட வேண்டியிருக்கும்.

கவுன்ட்டி கஜானா பத்தியும் பேச்சு வரும். வீடு வந்தா வரி வரும்னு கம்பெனி சொல்லும், வரும்தான். ஆனா அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட் பல ஊர் ஆய்வுகளைத் தொகுத்ததுல, வரவு 1 டாலருக்கு சேவைச் செலவு நடு மதிப்பா வீடுகளுக்கு 1.16 டாலர், விளைநிலம், திறந்தவெளிக்கு 37 சென்ட், கடை, தொழிற்சாலைக்கு 30 சென்ட்னு வந்துச்சு. ஸ்கூல், ரோடு, ஷெரிஃப் (கவுன்ட்டி போலீஸ்) எல்லாம் வீட்டுக்குத்தானே வேணும். இதுலயும் ஒரு எச்சரிக்கை, இது விவசாய நிலத்தைக் காப்பாத்தறதுக்குன்னே இருக்கற அமைப்பு, தவிர இது இருக்கற எல்லா வீட்டுக்கும் சேத்துப் போட்ட கணக்கு, ஸ்கூல்ல ஏற்கனவே காலி சீட் இருந்தா புது வீட்டோட செலவு இவ்வளவு வராது.

3 நிமிஷத்துல எல்லாத்தையும் சொல்லப் பாக்காதீங்க. ரெண்டு தரப்பு நம்பரையும் விற்பனையா மதிப்பா, எந்த வருஷம், எல்லை எதுன்னு எழுத்துல குடுக்கச் சொல்லிக் கேளுங்க, அதுக்கு ஒரு நிமிஷம். மீதி நேரத்துல இந்த 200 ஏக்கருக்கு மட்டும் தனியா கணக்குப் போட்டிருக்கா, பைப்பும் ரோடும் யார் செலவுன்னு கேளுங்க, என் அனுபவத்துல இதுக்குத்தான் போர்டு மெம்பர்கள் நிமிர்ந்து உக்காருவாங்க. உங்க ஸ்டேட் யூனிவர்சிட்டியோட எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்ல (விவசாயிங்களுக்கு ஆலோசனை சொல்ற பிரிவு) இந்தக் கணக்குத் தெரிஞ்ச பொருளாதார நிபுணர் யாராவது இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, நோட்டீஸை ஸ்கேன் பண்ணி இப்பவே அனுப்பிடுங்க, கூட்டத்துக்கு முந்தின நாள் அனுப்பினா பதில் வராது.