ஆயில் சீல் மாற்றியும் கசிவு நிற்கவில்லையா? பழைய பொலிரோ, சுமோ கேள்வி–பதில்

வியாசர்பாடி வாசகர்: போன மழையில் என் பழைய பொலிரோ பாதிச் சக்கரம் மூழ்கும் தண்ணீரில் நின்றுவிட்டது. இப்போது பின்பக்கம் ஊளைச் சத்தம். இடது பின்சக்கரத்தில் எண்ணெய்க் கசிவு. சீல் மாற்றிய மூன்றாம் வாரமே மறுபடி கசிகிறது.

சீலைக் குறை சொல்லாதீர்கள். பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் கூட்டின் மேல் பிரீதர் என்னும் சிறு மூச்சுத்துளை உண்டு. ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அத்துளை வழியாகவும் சீல் ஓரமாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சேறு துளையை அடைத்துவிட்டால், ஓட்டத்தில் விரியும் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். முதலில் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. புது கியர் ஆயில் ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, இன்னொரு முறையும் மாற்றிவிடுங்கள்.

ஊளை, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒருவிதமாகவும் விடும்போது வேறுவிதமாகவும் கேட்டால் ஆக்சில் நடுவிலுள்ள பல்சக்கர ஜோடியான கிரவுன்–பினியனைச் சந்தேகியுங்கள். வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் சக்கரப் பேரிங். ஆக்சில் ஷாஃப்டில் பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் வளையமான காலரைக் கழற்ற கேஸ் சுடரால் சூடேற்ற விடாதீர்கள். ஷாஃப்ட் இரும்பின் உறுதிப் பதம் போய்விடும்.

இப்படிக் கசிந்த எண்ணெயில் நனைந்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவதை எந்தப் பட்டறையில் கண்டாலும் எனக்குக் கோபம் வரும். ஷூ மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கில் ஊறிய எண்ணெய் சூட்டில் திரும்பக் கசியும். பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். இரு பக்கமும் புது ஷூ போடுங்கள்.

காசிமேடு வாசகர்: சிக்னலில் மிதித்தபடி நின்றால் பிரேக் பெடல் மெல்ல இறங்குகிறது. கசிவு எதுவும் தெரியவில்லை.

பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் முன்னே நிற்பது கண்டெய்னர் லாரி. கையோடு சேசிஸ் ஓரமாகச் செல்லும் பிரேக் குழாய்களையும் பாருங்கள். உப்புக்காற்று அவற்றை அரித்துவிடும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. டாட் 4 வகையின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச அளவு 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மணலி வாசகர்: சுமை ஏற்றுகிறேன். பின்புறம் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை போடலாமா?

வேண்டாம். உங்கள் வண்டியில் பின்பிரேக்கின் அழுத்தத்தைச் சுமைக்கேற்ப மாற்றும் வால்வு இருந்தால், பின்புறம் உயர்ந்ததும் அது வண்டி காலி என்று கணக்கிட்டு அழுத்தத்தைக் குறைத்துவிடும். சுமையோடு நிறுத்த வேண்டிய நேரத்தில் பின்பிரேக் பலமிழக்கும். தளர்ந்த பட்டைகளை இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். பட்டைகளை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டும் புதிதாகவே இருக்கட்டும். சில நாள் ஓட்டியபின் மறுபடி முறுக்குங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: வேகத்தடையில் முன்பக்கம் 'டக்' என்கிறது.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் ரப்பர் புஷ், அந்த ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் இரண்டையும் கடப்பாரையால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பால் ஜாயின்ட் ஆடினால் அன்றே மாற்றுங்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.