பழைய பத்மினியில் செல்ஃப் சுற்றுகிறது, ஸ்பார்க் இல்லை: டிஸ்ட்ரிபியூட்டரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

உங்கள் வண்டி 1989 பிரீமியர் பத்மினி. கிருஷ்ணகிரியில் தகரக் கொட்டகையில் ஓராண்டு நின்றிருக்கிறது. பேட்டரி மாற்றியபின் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. காயிலும் (பேட்டரியின் 12 வோல்ட்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜாக மாற்றுவது) பிளக்குகளும் புதிதாகப் போட்டும் ஸ்பார்க் இல்லை, அடுத்து அந்த மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரை முழுதாக மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். இதுதானே கேள்வி? நின்ற வண்டியில் முதலில் கெடுவது காயில் அல்ல, பாயின்ட்; டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் சின்ன சுவிட்ச் அது. அதன் முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படியும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் மின்சாரம் தாண்டாது. அதைச் சரிசெய்ய ஒரு துண்டு வாட்டர் பேப்பர் (நைசான உப்புத்தாள்) போதும்.

தருமபுரியில் நானும் ஒரு பத்மினியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவன். இந்த வண்டியின் இக்னிஷனைப் பார்க்க ஸ்கேனர் எதுவும் தேவையில்லை. 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டித் தரச் சொன்னால் எந்த வயரிங் கடையிலும் செய்து தருவார்கள். பல்பின் ஒரு வயரை இன்ஜினின் சுத்தமான இரும்புப் பகுதியில் எர்த் கொடுங்கள். மற்ற வயர்தான் உங்கள் சோதனைக் கோல்.

சாவியைப் போட்டுவிட்டு, காயிலில் சாவியிலிருந்து வரும் வயர் மாட்டியிருக்கும் முனையைத் தொடுங்கள். பழைய லூகாஸ் காயிலில் அது எஸ்.டபிள்யூ., புதியவற்றில் பிளஸ். பல்பு எரிய வேண்டும். எரிந்தால் அப்படியே ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் எரிய வேண்டும். சற்று மங்கினால் பரவாயில்லை, அணைந்துவிட்டால் கோளாறு சாவி சுவிட்சில். சாவியை விடும் நொடியில் இன்ஜின் ஒருமுறை துள்ளி அடங்கும் வண்டிகளில் இதுதான் கதை. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயில் பிளஸ்ஸுக்கு நேராக ஒரு வயர் கொடுத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். அந்த வயர் இருக்கும்வரை சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது. வயரைக் கழற்றினால்தான் நிற்கும்.

இனி காயிலின் மற்ற முனை. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயர் மாட்டியிருப்பது, சி.பி. அல்லது மைனஸ். இங்கே பல்பை வைத்துச் செல்ஃப் அடித்தால் விட்டு விட்டு எரிய வேண்டும். பாயின்ட் திறக்கும்போது எரியும், மூடும்போது அணையும். காயிலுக்கு உயிர் கொடுப்பதே இந்தத் திறந்து மூடும் வேலைதான்.

உங்கள் வண்டியில் பல்பு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பைத் திறந்து முதலில் செல்ஃப் அடித்து, உள்ளே நடுத்தண்டின் மேல் இருக்கும் ரோட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிறகு பாயின்ட் மூடியிருக்கும் நிலையில் இன்ஜினை நிறுத்தி, சாவியைப் போட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரால் பாயின்ட்டின் அசையும் கையையும் அது உட்கார்ந்திருக்கும் தட்டையும் சேர்த்துத் தொடுங்கள். பல்பு அணைந்தால் பாயின்ட் முகம்தான் குற்றவாளி. அணையவில்லையா? அசையும் கையையும் இன்ஜின் இரும்பையும் சேர்த்துத் தொடுங்கள். இப்போது அணைந்தால், தட்டுக்கு எர்த் தரும் சின்ன வயர் அறுந்திருக்கிறது. அதற்கும் அணையாவிட்டால், வெளியிலிருந்து உள்ளே வரும் வயர் அறுந்திருக்கிறது. இந்த இரண்டும் உறைக்குள்ளேயே அறுந்து, வெளியே முழுதாகத் தெரியும் வஞ்சகர்கள். இன்ஜினின் உறிஞ்சு இழுப்பால் ஸ்பார்க் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ், தட்டை அசைக்கும்போதெல்லாம் வயரும் வளைந்து வளைந்து கடைசியில் உள்கம்பி போய்விடுகிறது. புது டிஸ்ட்ரிபியூட்டர் போட்டால் வண்டி ஓடும்தான். ஆனால் அரை முழம் வயருக்கு அவ்வளவு விலையா?

பாயின்ட் முகம் என்றால் நைசான வாட்டர் பேப்பரால் தேய்த்து, தூசி தங்காமல் சுத்தமான துணியில் பெட்ரோல் தொட்டுத் துடையுங்கள். புதுப் பாயின்ட் போட்டாலும் துடைத்தே போடுங்கள். துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் அதன்மேல் இருக்கும். பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளியை ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடு) வைத்து 0.45 மி.மீ. அளவில் வையுங்கள்.

இதே சி.பி. முனையில் பல்பு எரியவே இல்லை என்றால் கதை வேறு. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரைக் காயிலிலிருந்து கழற்றுங்கள். உடனே பல்பு எரிந்தால் காயில் நலம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ எர்த் ஆகிறது. பாயின்ட்டில் தீ பறக்காமல் காக்கும் சின்ன உருளையான கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கலாம். பாயின்ட் ஸ்பிரிங்கின் ஃபைபர் வாஷரை யாராவது இடம் மாற்றிப் போட்டிருக்கலாம். அவசரத்தில் பாயின்ட் மாட்டுகிறவர்களின் கைவண்ணம் பெரும்பாலும் இந்த வாஷரில்தான் தெரியும். கழற்றியும் எரியாவிட்டால் காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது. புதிது என்பதால் நல்லது என்று நம்பாதீர்கள், மல்டிமீட்டரில் இரு சிறு முனைகளுக்கிடையே சுமார் 3 ஓம் காட்ட வேண்டும்.

பல்பு ஒழுங்காக விட்டு விட்டு எரிந்தும் பிளக்கில் பொறி இல்லாவிட்டால், காயிலிலிருந்து வரும் நடு வயரைக் கேப்பிலிருந்து உருவி, இன்சுலேட்டட் பிளையரில் பிடித்து, இரும்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். சுற்றிலும் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. நீலப் பொறி சத்தத்தோடு தாவினால் காயில், பாயின்ட், கண்டென்சர் மூன்றும் சரி. மிச்சம் கேப், ரோட்டர், பிளக் வயர்கள். கேப்பின் நடுவிலுள்ள கார்பன் துண்டு இருக்கிறதா, உள்ளே பென்சில் கோடு போல் கரிக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிப் பனியில் கேப்புக்குள் ஈரம் கோத்தாலும் ஸ்பார்க் போகும். கொட்டகை என்றால் வயரைக் கடிக்கும் எலியையும் மறக்காதீர்கள். பொறி மஞ்சளாக, சோம்பலாக வந்து பாயின்ட்டிலும் பளிச்சென்று தீ தெரிந்தால் கண்டென்சரை மாற்றுங்கள்.

காயில் மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் எங்கள் வண்டி நின்றதற்குக் காரணம் காயில்தான். ஆனால் அது சூட்டில் செத்து, ஆறியதும் பிழைத்துக்கொண்டது. குளிர்ந்த இன்ஜினிலேயே ஸ்பார்க் இல்லாத உங்கள் வண்டியின் நோய் அதுவல்ல. ஒன்று மட்டும் கவனம்: சோதனைக்கிடையே சாவியைப் போட்டபடி விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். பாயின்ட் மூடியிருந்தால் காயில் கொதித்து, புதுக் காயிலும் போகும்.

பாயின்ட்டோ கண்டென்சரோ வாங்கத்தான் வேண்டும் என்றால், உள்ளூரில் கிடைக்காதபோது பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடலாம். பழைய பாயின்ட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பல்பு எந்த முனையில் என்ன செய்தது என்று எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.