குழந்தையின்மை: கணவருக்கும் பரிசோதனை தேவையா?

கேள்வி: எனக்கு வயது 31, கணவருக்கு 36. சென்னை பெரம்பூரில் வசிக்கிறோம். திருமணமாகி இரண்டரை ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. எனக்கு மாதவிலக்கு 40, 45 நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். அதனால் குறை என்னிடம்தான் என்று மாமியார் வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். கணவர் தினமும் ஜிம்முக்குப் போகிறவர்; சிகரெட் பழக்கமும் உண்டு. ‘எனக்கு எதற்கு டெஸ்ட்?’ என்கிறார். குழந்தையின்மைக்கு என்னென்ன காரணங்கள்? அவருக்கும் பரிசோதனை அவசியமா?

பதில்: கட்டாயம் அவசியம். கருத்தடை எதுவும் இல்லாமல் ஓராண்டு இணைந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால், கணவன், மனைவி இருவரையும் ஒரே சமயத்தில் பரிசோதிப்பதே முறை. மனைவிக்கு 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதமே போதும், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. ஏறக்குறைய பாதித் தம்பதியரிடம் ஆணின் தரப்பிலும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. உங்களிடம் நீர்க்கட்டி தெரிந்துவிட்டது என்பதால் அவரிடம் குறை இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் தம்பதியரும் உண்டு.

ஸ்கேனில் நீர்க்கட்டி என்று சொல்லப்படுபவை முழுமையாக முதிராமல் நின்றுவிட்ட சிறு முட்டைப்பைகளே. அவற்றை அறுவை சிகிச்சை செய்து அகற்ற வேண்டியதில்லை. கருமுட்டை ஒழுங்காக வெளிவராததுதான் இங்கே சிக்கல். மாதவிலக்கு 45 நாட்களுக்கு ஒருமுறை வந்தால் ஆண்டுக்கு எட்டு வாய்ப்புகளே கிடைக்கும், அவற்றிலும் சிலவற்றில் முட்டை வெளிவராமலே போகலாம். எடை கூடுதலாக இருந்தால், 70 கிலோ இருப்பவர் நான்கைந்து கிலோ குறைத்தாலே சுழற்சி சீராவதை அடிக்கடி பார்க்கிறோம். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன்), சர்க்கரை ஆகிய ரத்தப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். முட்டை வளர்வதற்கான மாத்திரைகளைத் தோழி சொன்னார் என்று மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

இன்னொன்று, செல்போன் செயலிகள் 14ஆம் நாளைக் குறித்துக் கொடுப்பது 28 நாள் சுழற்சிக்குத்தான் பொருந்தும். 45 நாள் சுழற்சியில் முட்டை வெளிவந்தால் அது பெரும்பாலும் 31ஆம் நாளை ஒட்டியே நிகழும். ஆகவே நாள் பார்த்துக் காத்திருப்பதைவிட, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இணைவதே நல்லது.

கருக்குழாய் அடைப்பு, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), கருப்பையில் நார்க்கட்டி ஆகியவையும் பெண்களிடம் காணப்படும் காரணங்களே. நம் நாட்டில், இருமலோ சளியோ இல்லாமலே கருக்குழாயைப் பாதிக்கும் காசநோயையும் மறந்துவிடக் கூடாது.

இனி உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். உடற்கட்டுக்கும் தாம்பத்திய வலிமைக்கும் விந்தணுவின் எண்ணிக்கையோடு நேரடித் தொடர்பு கிடையாது. ஜிம்மில் தசை வளர்ச்சிக்காக டெஸ்டோஸ்டிரோன் அல்லது ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு மூளையிலிருந்து விதைப்பைக்குச் செல்லும் கட்டளை நின்று, விந்தணு அறவே இல்லாமல் போவதும் உண்டு. ஊசியை நிறுத்திய பிறகு மீண்டு வரப் பல மாதங்கள் ஆகலாம். எனவே அவர் அப்படி ஏதேனும் எடுத்துக்கொள்கிறாரா என்று கோபப்படாமல் கேளுங்கள். விதைப்பை நரம்புப் புடைப்பு எனப்படும் வேரிகோசீல் பொதுவாக நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு இருக்கிறது, குழந்தையின்மைக்காக வருபவர்களிடம் 35 முதல் 40 பேர் வரை காண்கிறோம். பருவ வயதுக்குப் பின் வந்த பொன்னுக்கு வீங்கி, கட்டுப்படாத சர்க்கரை நோய், மது, அவருடைய சிகரெட் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும்.

விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்து மாதிரி கொடுத்தால் போதும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். காலை நேரத்தில் பெரம்பூர் போக்குவரத்தை நம்பாமல் லேபிலேயே கொடுப்பது உத்தமம். ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி விந்தணுக்கள், அவற்றில் நூற்றுக்கு 42 அசைய வேண்டும் என்பவை உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழ் எல்லைகள். வடிவம் சரியானவை நூற்றுக்கு நான்கு இருந்தாலே இயல்புதான். ‘96 சதவீதம் கோளாறு’ என்று படித்துவிட்டுக் கலங்கிப்போய் வருகிறவர்கள் நிறையப் பேர். விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்கள் ஆவதால், சிகரெட்டை இன்று நிறுத்தினால் பலன் மூன்று மாதம் கழித்தே ரிப்போர்ட்டில் தெரியும். முதல் ரிப்போர்ட் குறைவாக இருந்தால் மறுபடி பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலோ உங்களுக்கு வசதியான வேறு மருத்துவமனையிலோ இருவரும் சேர்ந்தே டாக்டரைப் பாருங்கள். தனியார் கருத்தரிப்பு மையம் என்றால், இத்தகைய மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கருக்குழாயைச் சோதிக்கும் எக்ஸ்ரேயில் ஓரளவு வலி இருக்கும். கணவரின் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு அதற்கு நாள் குறித்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.