மந்திரம் என்ன, சும்மா கிடைப்பதா?

கேள்வி: ஐயா, பேரங்காடிப் புத்தகக் கடையில் அட்டையைப் பார்த்து மயங்கி, 69 வெள்ளி 90 காசு கொடுத்து ஓர் ஆங்கில மாயக்கதை நாவல் வாங்கினேன். இளையோருக்கானது என்று போட்டிருந்தது. பாதி வரை என்னைத் தூங்கவிடவில்லை. அப்புறம் சப்பென்று போய்விட்டது. "அம்மா, அது உங்க வயசுக்கு எழுதினது இல்ல" என்கிறாள் மூன்றாம் படிவத்தில் படிக்கும் என் மகள். வயதுதான் காரணமா?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. நாவலின் பெயரை நீங்கள் எழுதியிருந்தாலும் நான் இங்கே போடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அதே நாவல் இருந்தது, வாங்கிப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் பாதி நிஜமாகவே நல்ல எழுத்து. உப்பளத்தில் கூலி வேலை செய்யும் பெண், தண்ணீரோடு பேசத் தெரிந்தவள். ஒரு தடவை பேசினால் நாக்கு வறண்டு, மறுநாள் முழுக்கக் குரல் வராது. சந்தையில் அவள் தம்பியைச் சிப்பாய்கள் இழுத்துப் போகும்போது ஒரு சத்தம்கூடப் போட முடியாமல் நிற்கிறாள். முந்தின நாள்தான் ஊருக்காகக் கிணற்றோடு பேசியிருந்தாள். அந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அரண்மனைக்குள் நுழைந்ததும் அந்த வறட்சி எங்கே போயிற்று? ஆற்றோடு பேசுகிறாள், கடலோடு பேசுகிறாள், மேகத்தையும் விடவில்லை. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசிச் சண்டையில் கழுத்துப் பாசிமணி திடீரென்று ஒளிவிட, எதிரிப் படை மொத்தமும் உறைந்து நிற்கிறது. அதுவரை அந்தப் பாசிமணியைப் பற்றி ஒரு வரி கிடையாது. (இரண்டு இளவரசர்கள் அவள் பின்னால் சுற்றுவதை விட்டுவிடுவோம். இந்த வகை நாவலில் அது எழுதாத சட்டம்.)

உங்களுக்குச் சப்பென்று போனது இந்த இடத்தில்தான். தண்ணீர் பேசும் என்பதை நம்பிவிட்டீர்கள், அதில் உங்களுக்குச் சிரமமே இல்லை. பேசினால் குரல் போகும் என்று சொன்ன ஆசிரியர், கதை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் சொன்னதை மறந்துவிட்டார். மந்திரத்துக்குக் கொடுக்கிற விலை இல்லாமல் போனதும் பயமும் போய்விட்டது.

நம் விக்கிரமாதித்தனைப் பாருங்கள். வேதாளத்தைச் சுமந்து போகும்போது வாய் திறந்தால் அது மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் சொல்லாமல் இருந்தாலோ தலை வெடித்துவிடும். இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று, அதனால்தான் கேட்கிற பிள்ளை நகராமல் உட்கார்ந்திருக்கிறது. இந்திரன் கொடுத்த சிம்மாசனத்தில் அமர்ந்து ஆள அவனுக்குக் கிடைத்த வரம் 1,000 ஆண்டு. மந்திரி பட்டியோ காளியிடம் 2,000 ஆண்டு ஆயுள் வாங்கி வந்துவிட்டான். ராஜாவும் அதுவரை இருக்க என்ன வழி? ஆறு மாதம் சிம்மாசனம், ஆறு மாதம் காடு. காட்டில் கழிகிற நாள் கணக்கில் வராது! வரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பட்டியின் மூளை மட்டும்தான் வேலை செய்தது. இப்படி ஒரு பட்டி அந்த நாவலில் இருந்திருந்தால் பாசிமணிக்கு வேலையே இருந்திருக்காது.

மகளுக்கும் ஒரு பதில் உண்டு. இளையோருக்கு ஒரு நாவல் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டுத்தான் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968-இல் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' எழுதினார். அதில் மந்திரம் படிக்கிற பையன் சக மாணவனிடம் வீறாப்புக் காட்ட இறந்தவளின் ஆவியைக் கூப்பிடுகிறான். கூடவே ஒரு நிழல் பாய்ந்து வந்து அவன் முகத்தைக் கிழித்துவிடுகிறது. திறந்த வழியை அடைக்கப் போன தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். பையனுக்கு அந்தத் தழும்பு கடைசி வரை போவதில்லை. பிள்ளைகளுக்குத்தானே என்று அந்த அம்மையார் எதையும் தள்ளுபடி செய்யவில்லை. மகளையும் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் இரண்டு பேரும் சண்டை போடலாம்.

கேள்வி: 12 வயது மகன் ஆங்கில மாயக்கதைதான் கேட்கிறான். நம்மூர் வாசனையோடு ஏதாவது உண்டா?
– ஓர் அப்பா, ஆயர் ஈத்தாம்

பதில்: மலேசிய எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் எழுதிய 'தி கேர்ல் அண்ட் தி கோஸ்ட்', 2020-இல் வந்தது. பாட்டியிடமிருந்து ஒரு பெலெசிட் பேத்தியிடம் வந்து சேர்கிறது. வெட்டுக்கிளி உருவில் வரும் இந்த ஆவிக்கு எஜமானர் தன் இரத்தத்தைக் கொடுத்து வளர்க்க வேண்டும் என்பது மலாய்க்காரர் நம்பிக்கை. பார்த்தீர்களா, நம்மூர்ப் பேய்கூட விலை கேட்கிறது. ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டான், என்னைத் திட்டாதீர்கள்.

கேள்வி: பிடிக்காத நாவலைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், நிபோங் திபால்

பதில்: வாய்ப்பில்லை ராஜா. ஆனால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளிக்குள் புத்தகமும் அடங்கும். நாவலைப் பினாங்கு சவுரஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைக்காரர்களிடம் காட்டிப் பாருங்கள். அட்டை கசங்காமல் இருந்தால் பேரம் பேசலாம்.